ஆகவே

பதினேழாம் கேள்வியில் நிற்கிறேன்.
கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்கு.
நானோ நாலு நாளாய் இதே பக்கத்தில்.
தேநீர்க் கோப்பை வைத்த வட்டம்
வினாவைச் சுற்றி உலர்ந்துவிட்டது.

"மேற்கண்டவை உண்மையெனில், கீழ்க்கண்டவற்றுள்
எது உண்மையாகவே இருந்தாக வேண்டும்?"

இருந்தாக வேண்டும்.
இருக்கலாம் என்பதற்கு மதிப்பெண் இல்லை.
ஒரு 'லாம்' போதும், விடை செத்துப்போகும்.
'சில' என்றால் ஒன்றாகவும் இருக்கும், எல்லாமாகவும் இருக்கும்;
ஒன்றுமே இல்லாமல் மட்டும் இராது.
இதைப் புரிந்துகொள்ள
எனக்கு முப்பத்தாறு வயதாகியிருக்கிறது.

ருவியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
தட்டச்சுக் கடையில் வேலை.
விசா, வாடகை ஒப்பந்தம், தொலைந்த அட்டை,
எப்போதாவது ஓர் அழுகை,
எல்லாவற்றையும் அரபியில் அடித்துத் தருவேன்.
பக்கத்துக்கு இரண்டு ரியால்.
அழுகைக்குத் தனிப் படிவம் கிடையாது,
'இதர' என்ற கட்டத்தில் போடுவோம்.

நெருப்பில்லாமல் புகையாதாம்.
செண்பகவடிவும் கீழ்வீட்டுக்காரர்களும்
என்னைப் பற்றி முடிவு கட்டியது இப்படி:
கழுத்தில் ஒன்றுமில்லை.
இரவு ஒரு மணிக்கும் விளக்கு எரிகிறது.
ஆகவே.
ஆகவேக்குப் பிறகு அவர்கள் எதுவும் சொல்லவில்லை.
சொல்லத் தேவையில்லாத இடத்தில்தான்
அந்தச் சொல்லை நிறுத்துவார்கள்.

பழமொழி பொய்யில்லை.
திருப்பிப் போட்டால்தான் பொய்:
சோஹார் போகும் வழியில்
புகையே இல்லாமல் எரியும் கோபுரங்களைப் பார்த்திருக்கிறேன்.
ஆனால் என் அறையில் இருந்தது
புகையுமில்லை நெருப்புமில்லை,
மேசை விளக்கு.

செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளையில்
உத்திராபதி வந்தார்.
காலணியில் சிமெண்டு காய்ந்திருந்தது.
விரிசல் விட்ட கைபேசியில் ஒரு படம்:
முகாம் கதவில் நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பு.
"எங்களத்தான் ஏதோ திட்டிருக்கான்.
என்னான்னு படிம்மா."

படித்தேன்.
'கணக்குத் தீர்க்கப்பட்ட தொழிலாளர் எவரும்
முகாமில் தங்கவைக்கப்படவில்லை.
மாறாகப் பரவும் வதந்திகளை நம்ப வேண்டாம்.'
கீழே முத்திரை, கையெழுத்து, தேதி.

இன்னொரு முறை படித்தேன்.
பென்சில் தானாகவே எடுபட்டது.
தீர்ந்தவர் எனில் முகாமில் இல்லை.
இப்போது கடைசியிலிருந்து நட,
இரு பக்கமும் இல்லையை மாற்று:
முகாமில் இருப்பவர் எனில் தீராதவர்.

"நீங்க எங்க படுக்கிறீங்க?"
"முகாம்லதான். பதினோரு பேரு."
"நேத்து ராத்திரியும்?"
"வேற எங்க போவேன்?"
"தொழிலாளிதானே நீங்க?"
பதில் சொல்லாமல்
உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்.

வேறெதுவும் தேவைப்படவில்லை.
மறுக்கத்தான் எழுதினார்கள்,
எழுதியதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்,
முத்திரையோடு.
'எதிர்த்தரப்பின் சொந்த அறிவிப்பின்படியே' என்று
மனுவின் முதல் வரியை அடித்தேன்.
விசைப்பலகை அன்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

"அப்ப காசு வந்துரும்ல?"

அறிவிப்பு சொல்வது, கணக்குத் தீரவில்லை என்று.
தீர்ப்பார்கள் என்று
அதில் எங்குமே இல்லை.
எத்தனை முறை படித்தாலும்
அந்த வாக்கியத்திலிருந்து இது வராது.
அவர் முகத்தைப் பார்த்து
ஒரு 'லாம்' சொல்லியிருக்கலாம்.
"தெளிவா எழுதியிருக்கேன்" என்றேன்.
அதை அவர் என்னவாக எடுத்துக்கொண்டார் என்று
எனக்குத் தெரியாது.

இரண்டு ரியால் நீட்டினார்,
ஒன்றைத்தான் வாங்கினேன்.
இதிலிருந்து என்னைப் பற்றி
எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

சனிக்கிழமை தேர்வு.
ருவி மலைகள் இருட்டில் இன்னும் கிட்டே வந்து நிற்கின்றன.
கீழே யாரோ என் ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறார்கள்.
பதினேழுக்கு விடை இ.
ஒரு நிமிடம் நாற்பது.
பத்து வினாடி அதிகம்.